கையசைத்து விடுவிக்கும் புதிர் கேமை எப்படி எடை போடுவது? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் கூடுதலானவை ‘ஸாக் அண்ட் விக்கி’ பற்றியவை. நிண்டெண்டோ வீ கொன்சோலுக்காக 2007இல் கேப்கொம் வெளியிட்ட கேம். கடற்கொள்ளைக்காரச் சிறுவன் ஸாக்கை ரிமோட்டால் சுட்டி நடக்கவிட வேண்டும். கூட வரும் குரங்கு விக்கியை மணி போல ஆட்டினால் பிராணிகள் கருவிகளாக மாறும். அந்தக் கருவிகளைக் கொண்டு புதையல் பெட்டியை அடைய வேண்டும்.

கல்லடி: அண்ணன், இப்படியான கேமுக்கு மார்க் போடுறதெண்டா முதல்ல எதைப் பார்க்கணும்? கிராபிக்ஸா, கதையா?

ரெண்டையும் பிறகு பாருங்க தம்பி. முதலில் பார்க்க வேண்டியது, தோற்ற ஒவ்வொரு முறையும் பிழை எங்கே நடந்தது என்பதை. ஒரு கொப்பித் தாளில் மூன்று நிரல் போடுங்க: யோசனை, கை, ரிமோட். புதிர் விளங்காமல் தோற்றால் முதல் நிரல். விளங்கியும் அவசரத்தில் பிசகினால் இரண்டாவது. சரியாகச் செய்தும் கேம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் மூன்றாவது. ஐந்தாறு கட்டம் விளையாடிவிட்டுத் தாளைப் பாருங்க. முதல் நிரல் நிறைந்திருந்தால் கேம் தன் வேலையைச் செய்கிறது. மூன்றாவது நிறைந்திருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பாதி மார்க்குக்கு மேலே போகமாட்டேன்.

அடுத்தது, கை செய்யும் அசைவு புதிரோடு ஒட்டுதா என்பது. இந்தக் கேமில் மணியடித்தால் பூரான் மரம் அரியும் வாளாகிறது. ரிமோட்டை வாளின் பிடி போலப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் மரம் அறுபடும். வௌவால் குடையாகிறது. பொருளைப் பார்த்ததுமே கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு பட்டனை அமத்தினாலே முடிகிற வேலைக்குச் சும்மா கையை ஆட்டச் சொல்லும் கேம்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த இடத்தில் மார்க் இல்லை.

பத்துக்கு நான் பிரிப்பது: புதிருக்கு 4, அசைவுக்கு 3, தோல்வியை நடத்தும் விதத்துக்கு 2, படமும் இசையும் சேர்த்து 1.

கல்முனை: எவ்வளவு பலமா ஆட்டினாலும் சில இடத்தில எடுக்குதில்ல. ரிமோட் பழுதா?

அநேகமாகப் பழுதில்லை. பலமாக ஆட்டுவதுதான் பிரச்சினை. வீ ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதை உணரும் சில்லு, ஏறத்தாழ ±3 ஜி (புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு) வரைதான் அளக்கும். அதற்கு மேலே வீசினால் அளவு உச்சியில் முட்டி நின்றுவிடும். வேகமாக ஆட்டியதும் மிக வேகமாக ஆட்டியதும் அதற்கு ஒன்றுதான். முழங்கையை விலாவோடு வைத்து, மணிக்கட்டால் மட்டும் சீராக ஆட்டுங்க.

இன்னொன்றும் இருக்கிறது, மதிப்பிடுகிறவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. முடுக்கமானிக்குப் புவியீர்ப்பின் திசை தெரியும். அதனால் சாவி திருப்புவது போல ரிமோட்டைச் சுழற்றினாலோ, நுனியை மேலே கீழே சரித்தாலோ நன்றாகப் பிடிக்கும். ஆனால் மேசையில் கிடக்கும் கரண்டியை இடம் வலமாகத் திருப்புவது போல, மட்டமாக வைத்துத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறாது. முடுக்கமானிக்கு அந்தக் கோணம் தெரியாது. அந்தக் குறையை நிரப்பும் சுழல்மானி, அதாவது திரும்பும் வேகத்தை அளக்கும் சில்லு, மோஷன் பிளஸ் என்ற பெயரில் ரிமோட்டில் செருகும் துணைக்கருவியாக 2009இல்தான் வந்தது. ஆகவே 2007ஆம் ஆண்டுக் கேம் ஒன்று சுழற்றும் அசைவுகளையும் ஆட்டும் அசைவுகளையும் நம்பி நின்றால், கருவியின் எல்லையை அறிந்து செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஸாக் அண்ட் விக்கி’ பெரும்பாலும் அப்படித்தான்.

காத்தான்குடி: இரவில நல்லா வேலை செய்யுது. பகல்ல அம்புக்குறி நடுங்குது, பாய்ஞ்சு ஓடுது. ஏன்?

வெயில். ரீவிக்குக் கீழே வைக்கும் சென்சார் பார் எதையும் உணர்வதில்லை. அதன் இரு பக்கத்திலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. கமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். ரீவிக்குப் பின்னாலோ பக்கத்திலோ யன்னல் இருந்தால் சூரிய ஒளியையும் அது விளக்கென்று எடுத்துக்கொள்ளும். கண்ணாடி அலுமாரியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அப்படித்தான்.

வீ செட்டிங்ஸில் சென்சார் பார், அதற்குள் சென்சிட்டிவிட்டி என்று போங்க. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ரிமோட்டை நேரே பிடித்தால் இரண்டே இரண்டு புள்ளிதான் தெரிய வேண்டும். மூன்றாவது தெரிந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பப் பாருங்க. அப்போதும் போகாவிட்டால் 5 நிலைகளில் ஒவ்வொன்றாகக் குறையுங்க. ஒரே ஒரு புள்ளிதான் என்றால் பாரின் ஒரு பக்கம் எரியவில்லை. போன் கமராவால் பார்த்தால் ஊதா நிறத்தில் தெரியும். பின் கமராவில் தெரியாவிட்டால் முன் கமராவில் பாருங்க.

இதைச் சரிபார்க்காமல் கேமுக்குக் குறைந்த மார்க் போடுவது அநியாயம்.

அக்கரைப்பற்று: செத்தா கட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுது. இது குறைதானே?

ஓம், இந்தக் கேமின் பெரிய குறை அதுதான். பிளாட்டினம் டிக்கெட் இருந்தால் செத்த இடத்திலேயே எழும்பலாம், இல்லாவிட்டால் முதலிலிருந்து. சின்னக் கட்டங்களில் இது பொறுக்கும். பிற்பகுதியில் கட்டங்கள் நீளும்போது, ஏற்கெனவே விடுவித்த புதிரைத் திரும்பச் செய்வதில் யோசனைக்கு வேலையில்லை. சாவு நியாயமானதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: சாகிறதுக்கு முன்னே அபாயம் கண்ணுக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் பிழை நம்முடையது. தெரியாமல் விழுத்தினால் மார்க்கை வெட்டுங்க.

ஆனால் ஹிராமேக்யூ என்ற புள்ளி முறை எனக்குப் பிடித்தது. முதல் முறையிலேயே சரியாகச் செய்தால் கூடுதல் புள்ளி. பிழைவிட்டுச் செய்தால் குறையும். விளையாடுகிறவர் தொட்டுப் பார்த்துத் திரியாமல் நின்று யோசிப்பார்.

ஏறாவூர்: தம்பி, மகனுக்கு ஏழு வயசு. இங்கிலீஷ் அவ்வளவா வாசிக்க மாட்டான். சரிவருமா?

சரிவரும் அக்கா, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால். புதிர்கள் கண்ணால் பார்த்து விளங்குபவை. குறிப்புத் தரும் பொம்மைகளின் பேச்சுத்தான் வாசிக்க வேண்டியது. இன்னும் மூன்று பேர் ரிமோட்டால் திரையில் கோடு கீறி வழிகாட்டலாம். மணிக்கட்டு வாரைப் போடாமல் ரிமோட்டைக் கொடுக்க வேண்டாம், ரீவிக்கு ஆபத்து.

வாழைச்சேனை: ஜப்பான் வீ ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமா?

இரண்டைப் பாருங்க. அடப்டரில் 100 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். 230க்கு ஏற்ற, 12 வோல்ட் 3.7 அம்பியர் தரும் வீ அடப்டர் வேண்டும். மற்றது, ஜப்பான் கொன்சோல் ஐரோப்பிய டிஸ்க்கை ஏற்காது. கேமும் ஜப்பான் பதிப்பாகத்தான் எடுக்க வேண்டிவரும். ரிமோட்டின் பற்றரிப் பெட்டியைத் திறந்து கம்பிச்சுருளில் பச்சைக் கறை இருக்கா என்றும் பார்க்கணும்.

கல்லடி: அப்ப கொம்பியூட்டரில மவுஸால விளையாடிப் பார்த்திட்டு எழுதினா?

புதிரைப் பற்றி எழுதலாம். அசைவுக்கான 3 மார்க்கைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது. மவுஸால் விளையாடியதை வாசிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்க.