பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர்: வெளிநாடு போகும் நர்சுகளின் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து நர்சுகளிடமிருந்து வந்தவை. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்கிறேன்.

"டிராவல் நர்ஸ் என்று வீடியோக்களில் பார்க்கிறேன். 13 வாரம் ஒரு ஊர், அப்புறம் வேறு ஊர், கை நிறையச் சம்பளம். நான் 4 வருட டிப்ளமோ முடித்து, ஐ.சி.யூ.வில் 3 வருடம் வேலை செய்திருக்கிறேன். இங்கிருந்தே நேராக அப்படிப் போக முடியுமா அக்கா?" (சாட்ஸ்வர்த்)

நேராக முடியாது தங்கச்சி. அந்த 13 வார ஒப்பந்தம் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் நர்சுகளுக்கானது. கையில் அந்த நாட்டு லைசென்சும், எங்கேயும் வேலை செய்யும் உரிமையும் இருப்பவர்கள் ஏஜென்சி மூலம் ஆஸ்பத்திரி மாறிக்கொண்டே போகிறார்கள். பல மாநிலங்கள் ஒன்றுக்கொன்று லைசென்சை ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கையில் இருப்பதால் அது அவர்களுக்குச் சுலபம். கலிஃபோர்னியா அந்த உடன்படிக்கையில் இல்லை. வீடியோ எடுப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

உங்களுக்கு வழி வேறு. முதலில் ஒரு மாநில நர்சிங் போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் படிப்பு அங்கத்திய படிப்புக்குச் சமமா என்று பார்க்க, சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று நாம் பழகிய அமைப்புக்கு (இப்போது பெயர் ட்ரூமெரிட்) தாள்கள் போகவேண்டும். பெரியவர் மருத்துவம், குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று நான்கிலும் பாடமும் வார்டுப் பயிற்சியும் இருந்தாக வேண்டும். பழைய 4 வருடப் படிப்பில் ஜெனரல், சைக்கியாட்ரி, கம்யூனிட்டி, மிட்வைஃப்ரி நான்கும் சேர்ந்தே வந்ததால் உங்கள் நிலைமை நல்ல நிலைமை. 3 வருட ஜெனரல் மட்டும் படித்தவர்களுக்குத்தான் இங்கே முட்டும்.

அப்புறம் என்கிளெக்ஸ், அதாவது அமெரிக்க நர்ஸ் லைசென்சுக்கான பரீட்சை. 5 மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்கள் பதில் சொல்வதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும். 85இல் நின்றுவிட்டால் பாஸ் என்றோ ஃபெயில் என்றோ அர்த்தமில்லை. படிக்கும்போது அலகுகளைக் கவனியுங்கள். நாம் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வோம். அங்கே மில்லிகிராம். 18ஆல் பெருக்குங்கள்: நமக்கு 5.5 என்றால் அவர்களுக்கு 99. பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபினெஃப்ரின். நாம் பாராசிட்டமாலைப் பனாடோ என்றே சொல்லி வளர்ந்தவர்கள், பரீட்சையில் ஒரு நொடி தடுமாறத்தான் செய்யும்.

இதெல்லாம் முடிந்தபிறகும் வேலை தரும் ஒரு நிறுவனம் உங்களுக்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்யவேண்டும். ஆங்கிலப் பரீட்சையும், படிப்பும் லைசென்சும் விசாவுக்குச் சரி என்று சொல்லும் வீசாஸ்கிரீன் சான்றிதழும் அதோடு சேர்ந்தவை. விசா வரிசை மாதாமாதம் முன்னும் பின்னும் நகரும். ஸ்பான்சர் செய்யும் ஏஜென்சி இத்தனை வருடம் எங்களோடுதான் என்று கையெழுத்து வாங்கும், நடுவில் விட்டால் அபராதம். அந்தப் பக்கத்தை மட்டுமாவது ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வருடங்கள் கழிந்த பிறகு, ஆசை இருந்தால், 13 வாரக் கதைக்குப் போகலாம்.

"என் பாஸ்போர்ட்டில் கணவர் குடும்பப் பெயர். மெட்ரிக் சான்றிதழில் அப்பா குடும்பப் பெயர், அதிலும் ஒரு எழுத்துப் பிழை. கவுன்சிலில் மூன்றாவது ஒரு ஸ்பெல்லிங். இது பெரிய பிரச்சினையா?" (வெருலம்)

பரீட்சையைவிடப் பெரிய பிரச்சினை. ஏன் என்று என் கதையைச் சொல்கிறேன்.

2016இல் நான் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது எல்லாம் தயார் என்று நினைத்தேன். என் பெயரில் ஒரு 'எச்' பள்ளிக்கூடத்துத் தாளில் இருந்தது, பயிற்சித் தாளில் இல்லை. ஒரு அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். 'எச்' வந்ததும் விரல் நின்றது. "இது வேறு ஆள்" என்றார். நான் அவர் எதிரிலேயே நிற்கிறேன்! அந்த ஒரு எழுத்துக்கு எனக்கு 5 மாதம் போயிற்று.

நம் குடும்பங்களில் இது புதுசா? 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து நின்ற நாளிலிருந்தே காதில் விழுந்தபடி எழுதினதுதான். கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலியார் மூட்லி ஆனது, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு இரண்டு ஸ்பெல்லிங். பாட்டன் பெயர் பேரன்களுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதும் உண்டு. அன்றைக்குக் குமாஸ்தா செய்ததை நாம் இன்றைக்குத் திருத்தவேண்டும்.

என்ன செய்ய? பாஸ்போர்ட்டையே தலைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதோடு பொருந்தவேண்டும். ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) விரிவான திருமணச் சான்றிதழ் கேளுங்கள். சுருக்கமான அந்த ஒரு பக்கத் தாள் பல நாடுகளில் செல்லாது. அதைக் கொண்டு முதலில் நர்சிங் கவுன்சிலில், நாம் சாங்க் என்று சொல்கிறோமே அங்கே, பெயரை மாற்றுங்கள். காரணம், வெளிநாட்டுக் கவுன்சிலுக்கு உங்கள் பதிவுச் சான்றையும் பயிற்சி விவரத்தையும் சாங்க்தான் நேரடியாக அனுப்பும். அது உங்கள் கை வழியாகப் போவதில்லை. அங்கே தப்பாக இருந்தால் தப்பாகவே போகும்.

மெட்ரிக் தாளிலுள்ள எழுத்துப் பிழைக்குத் திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு அஃபிடவிட் செய்துகொள்ளுங்கள், காசில்லை. சான்றிட்ட நகல்களை மொத்தமாக எடுத்து வைக்காதீர்கள். 3 மாதத்துக்கு மேல் பழசானால் பல இடங்களில் திருப்பிவிடுகிறார்கள்.

"படித்தது முழுக்க ஆங்கிலம், வீட்டிலும் ஆங்கிலம், தமிழ் கோயிலில் மட்டும்தான். எனக்கு எதற்கு ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை?" (ஃபீனிக்ஸ்)

கோபம் நியாயம். ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவில் தென்னாப்பிரிக்கா ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் உண்டு. பள்ளியும் நர்சிங்கும் இங்கே ஆங்கிலத்தில் படித்ததைக் காட்டினால் பரீட்சை இல்லாமலே போகலாம். இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. நம்மை அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்று பரீட்சை: ஐயெல்ட்ஸில் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5. இல்லை என்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.யில் பி, எழுத்துக்கு மட்டும் சி பிளஸ் போதும். அல்லது ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றேன் என்று கல்லூரியின் சான்று.

அந்தச் சான்றில்தான் நம் ஊர் நர்சுகள் மாட்டிக்கொள்கிறார்கள். நோயாளிகளோடு பழகும் பயிற்சியில் முக்கால் பங்காவது ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், குவாசுலு-நட்டால் அரசு ஆஸ்பத்திரியில் நீங்கள் பாட்டிமார்களிடம் பேசியது என்ன மொழி? "உஞ்ஜானி, கோகோ?" (சௌக்கியமா பாட்டி?) என்று சூலுவில்தானே வார்டுக்குள்ளேயே நுழைவோம். எந்தக் கல்லூரியும் பொய்க் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது. பேசாமல் ஓ.இ.டி. எழுதுங்கள். அதில் வருவது நம் தொழில்தான்: டிஸ்சார்ஜ் கடிதம், நோயாளிக்கு விளக்கம் சொல்வது. ஐயெல்ட்ஸ் கட்டுரையில் பொதுப்போக்குவரத்தைப் பற்றி யோசிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"நான் 2 வருடம் படித்த என்ரோல்ட் நர்ஸ் (ரெஜிஸ்டர்ட் நர்சுக்கு ஒரு படி கீழே). இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை, விசாவோடு, 45,000 ராண்ட் கட்டினால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட்." (லெனேசியா)

கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22உடன் நிறுத்திவிட்டது. இல்லாத வேலைக்குக் காசு கேட்கிறார். வேலை தேடுபவரிடம் காசு வாங்கி வேலை பிடித்துத் தருவது நம் நாட்டிலேயே 2014ஆம் வருட வேலைவாய்ப்புச் சேவைச் சட்டத்துக்கு விரோதம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலீசுக்கும் தொழிலாளர் துறைக்கும் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

என்ரோல்ட் தகுதியை வைத்து என்.எம்.சி.யில் முழு நர்சாகப் பதிய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இங்கே ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகும் வழியைப் பாருங்கள்.

"கணவருக்கு ரியாத்தில் ஆஃபர். அவர் ஆண் நர்ஸ். வரி, பென்ஷன் இரண்டும் குழப்பமாக இருக்கிறது. அவர் அம்மா 'வரியே இல்லை' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்." (டோங்காட்)

அத்தை பாதி சரி. சவூதியில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் இங்கே நீங்கள் வரி வசிப்பாளராக இருக்கும்வரை சார்ஸ் (நம் வரித் துறை) உங்களை மறக்காது. ஏதாவது ஒரு 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே வேலை, அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக. இது நிறைவேறினால் 12.5 லட்சம் ராண்ட் வரையிலான வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு. 2020 மார்ச்சிலிருந்து இதுதான் எல்லை. விலக்கு இருந்தாலும் ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும். அதனால் பாஸ்போர்ட் முத்திரைகளையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஒரு தடவை, காவடிக்கு ஒரு தடவை என்று பறந்து வந்தால் நாள் கணக்கு இடிக்கும்.

லைசென்ஸ் பக்கம்: சவூதியின் மருத்துவ லைசென்ஸ் கமிஷனில் முமாரிஸ் பிளஸ் இணையதளம் வழியாக விண்ணப்பம், டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, பிராமெட்ரிக் கம்ப்யூட்டர் பரீட்சை. டேட்டாஃப்ளோ படித்த இடத்துக்கும் வேலை பார்த்த இடத்துக்கும் தானே எழுதிக் கேட்கும். நம் ஆஸ்பத்திரி எச்.ஆர். அந்த மெயிலைத் திறக்காமலே வைத்திருப்பார்கள். முன்கூட்டியே நேரில் போய், "இப்படி ஒரு மெயில் வரும்" என்று ஒரு ஆளைப் பிடித்துச் சொல்லிவைப்பது நல்லது. அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதியும் சம்பளச் சீட்டில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

ஒப்பந்தம் முழுதாக முடித்தால் வேலை முடிவுப் பணம் உண்டு: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதம். பென்ஷன்? ராஜினாமா செய்த வேகத்தில் மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து இரண்டு பானை முறை, அதாவது கட்டும் பணத்தைச் சேமிப்பு, ஓய்வூதியம் என்று இரண்டாகப் பிரிப்பது, வந்துவிட்டது. சேமிப்புப் பானையில் கை வைத்தாலே வரி பிடிக்கிறார்கள்.

"என்.எம்.சி.யின் கம்ப்யூட்டர் பரீட்சையான சி.பி.டி. பாஸ் ஆகிவிட்டேன். செய்முறைப் பரீட்சையான ஆஸ்கியை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 15 வருட அனுபவம் இருக்கிறதே, இன்னும் என்ன பார்க்கப் போகிறார்கள்?" (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்த 15 வருடம்தான் உங்களைக் கவிழ்க்கும். அனுபவசாலி பேசாமல் செய்வார், ஆஸ்கியில் வாயால் சொல்லாதது நடக்காதது. கை கழுவினேன், நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன், அலர்ஜி இருக்கிறதா கேட்டேன், ஒப்புதல் வாங்கினேன். இப்படி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லவேண்டும். என் காலத்தில் 6 ஸ்டேஷன், 2021இலிருந்து 10. நான்கு, நோயாளியை மதிப்பிட்டு, திட்டமிட்டு, செயல்பட்டு, மறுபடி மதிப்பிடுவது. நான்கு, கைவேலை. மீதி இரண்டு எழுத்தில்.

நம்மவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் நியூஸ்-2, நோயாளியின் நிலைமைக்கு மதிப்பெண் போடும் இங்கிலாந்து அட்டவணை. இங்கே கேஷுவல்டியில் நாம் போடுவது டியூஸ் என்ற அட்டவணை. அதில் நோயாளி நடந்து வந்தாரா, அடிபட்டதா என்று மதிப்பெண் உண்டு, ஆக்சிஜன் அளவுக்கு இல்லை. நியூஸ்-2 நேர்மாறு. ஒன்று போட்டுப் பார்ப்போம்: மூச்சு 22, அதற்கு 2. ஆக்சிஜன் 95, வெளிக்காற்றில், 1. நாடி 112, 2. காய்ச்சல் 38.4, 1. பிரஷர் மேலே 118, பூஜ்யம். தெளிவாக இருக்கிறார், பூஜ்யம். மொத்தம் 6. ஐந்தை எட்டினாலே டாக்டரை அவசரமாகக் கூப்பிடவேண்டும், 7 ஆகியிருந்தால் எமர்ஜென்சி. கூட்டலை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு, "யாரைக் கூப்பிடுவேன்" என்று சொல்லாமல் வெளியே வந்து ஃபெயிலானவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டிலேயே பழகுங்கள். நான் சமையலறை மேஜையில் ஒரு ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுக்கொண்டே, "மிஸ்டர் ஆரஞ்சு, லேசாகக் குத்தும்" என்று பேசிப் பழகினேன். என் மகன் அதை வீடியோ எடுத்து மானத்தை வாங்கினான். பரவாயில்லை, அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கை கழுவியதைச் சொல்ல மறந்தது எனக்கே தெரிந்தது.

கட்டணம் 794 பவுண்டு, பல என்.எச்.எஸ். (அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை) டிரஸ்டுகள் இதைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன, ஆஃபர் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். 7 ஸ்டேஷன் வரை தவறினால் தவறியதை மட்டும் பாதிக் கட்டணத்தில் மறுபடி எழுதலாம்.

"வெளிநாடு போனபிறகு சாங்க் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டுமா?" (பலர்)

கட்டுங்கள். டிசம்பர் 31க்குள். கட்டாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும், திரும்பச் சேர்க்க அபராதமும் அலைச்சலும். வெளியே இருக்கும்போது இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பித்தால் சாங்கின் சான்றை மறுபடி கேட்பார்கள். இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குத் தாவுகிறவர்கள் நிறைய. 2025இல் அங்கே அதற்குச் சுருக்கு வழியும் வந்திருக்கிறது: இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற சில நாடுகளில் பதிவோடு 1,800 மணி நேரம் வேலை செய்திருந்தால் பரீட்சைகள் தேவையில்லை. நான் போனில் நவம்பர் 1ஆம் தேதிக்கு அலாரம் வைத்திருந்தேன், இங்கிலாந்தில் இருந்த 6 வருடமும்.