பிறர் கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா? வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒருவரையொருவர் அறியாத மூவரிடமிருந்து, ஒரே காரியத்தைக் குறித்து வந்தன: பிறர் கடனுக்குப் பிணை நிற்பது. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபைச் சேகரத்தில் என்னோடு பாடகர் குழுவில் பாடும் அண்ணன் ஒருவர், 5 லட்சம் ரூபாய்ச் சீட்டை நான்காம் மாதத்திலேயே ஏலத்தில் எடுத்திருக்கிறார். பணம் கைக்கு வர வேண்டுமானால், சம்பளச் சான்றிதழோடு ஒருவர் ஷூரிட்டி கையெழுத்துப் போட வேண்டுமாம். "கேட்கிறவனுக்குக் கொடு என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் என் கணவர். என் அம்மாவோ நீதிமொழிகளை எடுத்து வாசித்து, போடவே கூடாது என்கிறார்கள். நான் எதற்குக் கீழ்ப்படிவது? (வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதும் வசனம்தான், அம்மா வாசித்ததும் வசனம்தான். ஆனால் இரண்டும் ஒரே செயலைப் பற்றியவை அல்ல. மத்தேயு 5:42-இல் ஆண்டவர், "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்கிறார். அங்கே கொடுக்கப்படுவது நம் கையில் இருப்பது. எவ்வளவு போகிறது என்பது கொடுக்கிறவருக்குத் தெரியும், போனபின் அவர் மேல் பாரம் எதுவும் மீதியாக நிற்பதில்லை. பிணை அப்படிப்பட்டதல்ல. இன்று நம் கையில் இல்லாத பணத்தை, நாளை இன்னொருவர் தவறினால் நான் கட்டுவேன் என்று மூன்றாம் ஆளுக்கு வாக்குக் கொடுப்பது அது. "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே" என்று நீதிமொழிகள் 22:26 எச்சரிப்பதும், "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே" என்று அடுத்த வசனம் காரணம் காட்டுவதும் இதைத்தான். வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'கையடித்து' என்ற சொல்லை எடுத்தாண்டது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைகோத்து விலை முடித்தவர்களுக்கும், 'கையடிச்சு சத்தியம் பண்ணு' என்று கேட்டு வளர்ந்த நமக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

இந்தக் கையடித்தல் இப்போது எப்படி நடக்கிறது என்பதை, கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பது ஆண்டுகள் கடன் பிரிவு மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடன் வாங்குகிறவர் தாள்களைத் தாமே புரட்டிக்கொடுப்பார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடம் மட்டும் தெரியும்படி, அச்சிட்ட பகுதியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இங்கே ஒண்ணு சார், இங்கே ஒண்ணு" என்பார். பிணை நிற்கிறவர், வாசித்துப் பார்த்தால் நண்பர் மனம் நோகுமோ என்று கூச்சப்பட்டு, ஏழெட்டு இடங்களில் விறுவிறுவென்று கையெழுத்திடுவார். பிறகு இருவரும் எதிர்க்கடையில் தேநீரும் வடையும் சாப்பிடுவார்கள். எட்டு மாதம் கழித்து அதே மனிதர் கையில் நோட்டீசோடு தனியே வந்து, "நான் சாட்சிக் கையெழுத்துத்தானே போட்டேன்?" என்று கேட்பார். வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று நானாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப்பார்த்தால், சொன்னது குறைவு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம்.

சாட்சிக் கையெழுத்து வேறு, பிணைக் கையெழுத்து வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, பிணையாளியின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்து, கிடைக்காவிட்டால் மட்டுமே உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. உங்கள் சீட்டையே எடுத்துக்கொள்வோம். அது 20 மாதச் சீட்டு என்றால் மாதத் தவணை 25,000 ரூபாய். நான்கு மாதம் போக 16 தவணை, அதாவது 4 லட்சம் ரூபாய் மீதி. மாதாமாத ஏலத்தில் தள்ளுபடியாகி உறுப்பினர்களுக்கு வரும் கழிவினால் அது சற்றுக் குறையலாம். ஆனால் தவணை தவறினவருக்குப் பெரும்பாலும் அந்தக் கழிவும் கிடைப்பதில்லை, மீதித் தவணைகளை மொத்தமாகக் கேட்டு நோட்டீசும் வரும். அந்த அண்ணன் கேட்பது வெறும் கையெழுத்து என்று உங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கேட்பது 4 லட்சம் ரூபாய்க்கான உறுதிமொழி.

அப்படியானால் பிணை நிற்பதே பாவமா என்றால், இல்லை. யூதா தன் தகப்பனிடம் பென்யமீனுக்காக உத்தரவாதம் பண்ணினான். எகிப்திலே அந்த வார்த்தைக்குச் சோதனை வந்தபோது, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று முன்னே வந்து நின்றான். பவுல், ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று தன் சொந்தக் கையினாலே எழுதிக்கொடுத்தான். எபிரெயர் 7:22 நம் ஆண்டவரையே பிணையாளி என்கிறது. இவர்களில் ஒருவரும், 'அவன் கட்டிவிடுவான், நமக்கு ஒன்றும் வராது' என்ற நம்பிக்கையில் பிணைப்படவில்லை. கட்டப்போவது நான்தான் என்று தெரிந்தே முன்வந்தார்கள்.

ஆகவே நீங்களும் உங்கள் கணவரும், ஆண்டவர் சொன்ன உவமையில் கோபுரம் கட்டப்போகிறவனைப்போல உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அந்த 4 லட்சமும் உங்கள் தலையில் விழுந்தால், பிள்ளைகளின் படிப்பையும் வயதான அம்மாவின் மருந்தையும் தொடாமல் கட்ட முடியுமா? கட்டியபிறகும் அடுத்த அசன விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் போடுங்கள், அது தர்மம். ஒன்றுக்காவது இல்லை என்றால் போடாதீர்கள். தன் வீட்டாரை விசாரியாதவனைக் குறித்து 1 தீமோத்தேயு 5:8 பேசுகிற கடுமையான வார்த்தைகளும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன.

மறுப்பதாக முடிவுசெய்தால், நேராக மறுத்துவிடுங்கள். நம் சபைகளில் "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு தொலைபேசியை எடுக்காமலிருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்வதில்லை என்று முன்பே தீர்மானித்துவிட்ட காரியத்துக்கு ஜெபத்தைச் சாக்காகக் காட்டுவது பொய். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லச் சொன்ன வசனம், கணவர் காட்டிய வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால்தான் இருக்கிறது. "அண்ணன், ஷூரிட்டி கையெழுத்துப் போடுவதில்லை என்று வீட்டில் இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறோம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். போகும்போது, பணம் எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டறிந்து, உங்களால் இயன்ற ஒரு தொகையை, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனதோடு கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கணவரின் வசனமும் அம்மாவின் வசனமும் அப்போது ஒன்றுக்கொன்று இடிக்காது.

கேள்வி: எங்கள் சபையைச் சேர்ந்தவரும் என்னோடு வேலை செய்பவருமான ஒருவருக்காக, சிக்கன நாணயச் சங்கக் கடனில் பிணைக் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டார். ஏழு மாதமாக என் சம்பளத்தில் 6,500 ரூபாய் பிடித்தம் ஆகிறது. அவரோ ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருகிறார். சென்ற மாதம் புது வாகனத்துக்காக ஸ்தோத்திரக் காணிக்கையும் கொடுத்தார். பெரியவர்கள், "நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, கோர்ட்டுக்குப் போகக் கூடாது" என்கிறார்கள். நான் மன்னித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதுவரை 45,500 ரூபாய். உங்கள் கோபம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

பெரியவர்கள் காட்டுகிற 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில், "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்ற கேள்வி 7-ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முன், 5-ஆம் வசனத்தில், சகோதரருக்குள் உண்டான வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று பவுல் சபையைப் பார்த்துக் கேட்டு வெட்கப்படுத்துகிறான். 8-ஆம் வசனத்தில், நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று கடிந்துகொள்கிறான். முன்னும் பின்னும் உள்ளதை மறைத்துவிட்டு நடுவசனத்தை மட்டும் நஷ்டப்பட்டவன் முகத்துக்கு நேரே நீட்டுகிற பெரியவர்கள், தங்கள் வேலையைத் தட்டிக்கழித்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகையால் மத்தேயு 18:15-17 காட்டும் வரிசையில் போங்கள். முதலில் நீங்களும் அவரும் தனித்திருக்கையில். ஏழு மாதச் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் கையில் கொண்டுபோங்கள். வாகனத்தைப் பற்றியும் காணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், பேச்சு அங்கே திரும்பினால் பணம் பின்னால் போய்விடும். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை எழுதி வாங்குங்கள். கேளாமற்போனால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் செவிகொடாவிட்டால் குருவானவரிடமும் சபைக் கமிட்டியிடமும் எழுத்து மூலமாகவே கொடுத்து, இதை விசாரிப்பது உங்கள் கடமை என்று 5-ஆம் வசனத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அதன்பிறகும் அவர் அசையாவிட்டால்? இங்கே உத்தம கிறிஸ்தவர்களே இரண்டு விதமாக நினைக்கிறார்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன். பிடித்தமாகும் பணம் உங்கள் ஒருவருடையது மட்டுமானால், அதை விட்டுக்கொடுக்க உங்களுக்குச் சுதந்தரம் உண்டு, அது மேன்மையும்கூட. அது மனைவியின் வீட்டுச்செலவும் பிள்ளைகளின் கட்டணமுமாக இருக்கும்போது, அவர்கள் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பிணையாளி முறைப்படி செலுத்தியதைக் கடன்பட்டவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு தருகிறது. செலுத்தியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பழிவாங்கும் எண்ணமில்லாமல் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புவதை நான் பாவம் என்று சொல்லத் துணியமாட்டேன்.

பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனின் உவமையையும் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் அந்த ஊழியக்காரனிடம் அவன் உடன்வேலைக்காரன் ஒருவன் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டிருந்தான். நாளுக்கு ஒரு பணம் கூலி என்பது மத்தேயு 20-ஆம் அதிகாரத்துக் கணக்கு. ஆக, அது நூறு நாள் கூலி, அற்பத் தொகையல்ல. உடன்வேலைக்காரன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று கெஞ்சினான். கெஞ்சியவனைக் காவலில் போட்டதற்காகத்தான் ஊழியக்காரனின் எஜமான் கோபமடைந்தான். உங்கள் நண்பர் இன்னும் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்கும் நாளில் அவர் தொண்டையைப் பிடிக்காதிருக்க இப்போதிருந்தே ஆயத்தப்படுங்கள். திருவிருந்துக்கு முன் நீங்கள் செய்யவேண்டியது அதுவே.

கேள்வி: எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் இப்போது என் கடனைக் கட்டுகிறார். வியாபாரம் நொடித்துப்போனது உண்மை. ஏமாற்றும் எண்ணம் இல்லை. வெட்கத்தால் நான்கு மாதமாக ஆராதனைக்கும் போகவில்லை. தசமபாகத்தைத் தவறாமல் கொடுத்தால் கடன் தானாகத் தீரும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? (பெயர் வேண்டாம்)

பதில்: கொடுப்பது நல்லது, ஆனால் உங்களுக்காகக் கட்டுகிறவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, அவர் கடனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட வேதம் இடங்கொடுக்கவில்லை. கடன்பட்டிருந்து, அற்புதமாக எண்ணெய் பெருகின விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி சொன்ன வரிசையைப் பாருங்கள்: எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அற்புதத்தால் வந்த பணத்திலும் கடன்காரனுக்கே முதல் பங்கு.

இன்னொரு காட்சி 2 இராஜாக்கள் 6-இல் இருக்கிறது. யோர்தானில் கோடரி விழுந்தபோது அதை வைத்திருந்தவன், "ஐயோ என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று கூவினான். எலிசா முதலில் கேட்டது, அது எங்கே விழுந்தது என்பதை. அவன் இடத்தைக் காண்பித்தான். நீங்களும் இந்த வாரம், உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய் அந்த இடத்தைக் காண்பியுங்கள்: கடைக் கணக்கு நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய், வாங்கிய பணம் எதில் போனது, இப்போது மாத வருமானம் எவ்வளவு, அதில் எவ்வளவு உங்களால் தர முடியும் என்று அவர் மனைவியும் கேட்கும்படி சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அந்த 500 ரூபாயைக் கொடுத்து, மீதித் தொகையை ஒரு தாளில் எழுதி, அதில் இந்த முறை நீங்கள் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.