ஒன்றரை அடி கரிமண், கீழே சுண்ணாம்புப் பாறை: குத்தகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: புளோரிடாவில் வெலிங்டனில் இருக்கிறோம். பெல் கிளேட் அருகே ஐந்து ஏக்கர் நிலம் பத்து வருடக் குத்தகைக்கு வருகிறது. வெண்டை, கத்தரி, கீரை, முருங்கை, கங்குன் (தண்ணீரில் வளரும் ஒரு கொடிக்கீரை) எல்லாம் போட்டு நம் ஊர்க் கடைகளுக்குக் கொடுக்க எண்ணம். மண் நல்ல கறுப்பு, கையில் எடுத்தால் எடையே இல்லை. ஆனால் ஒன்றரை அடியில் வெள்ளைப் பாறை தட்டுகிறது. இப்போது நிற்கும் மக்காச்சோளத்தில் இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருக்கின்றன. ஊரிலிருந்து மாமா ஜிப்சம் போடச் சொல்கிறார். பக்கத்து வயல்காரர் கந்தகம் என்கிறார். டிராக்டர்காரரோ உளிக்கலப்பை போட்டுப் பாறையை உடைத்துத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டிராக்டர்காரரை முதலில் அனுப்பிவிடுங்கள். ஜிப்சமும் கந்தகமும் காசுக்குத்தான் கேடு. பாறையை உடைப்பது நிலத்துக்கே கேடு.

ஒக்கிசோபி ஏரிக்குத் தெற்கே உள்ள இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் கோரைப்புல் சதுப்பு. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளாகப் புல்லும் வேரும் தண்ணீருக்கு அடியில், காற்று படாமல், முழுதாக மக்க முடியாமல் பாறை மேல் படிந்து இந்தக் கரிமண்ணாயின. 1880களில் வடிகால் வேலை தொடங்கியது. 1906க்குப் பிறகு மாநில அரசே பெரிய கால்வாய்களை வெட்டியது. தண்ணீர் இறங்கியதும் காற்று உள்ளே போனது, நுண்ணுயிர்கள் மண்ணைத் தின்ன ஆரம்பித்தன. சாதாரண மண்ணில் மக்கிய தாவரப் பொருள் சில சதவீதம் இருந்தாலே நாம் மகிழ்ச்சி அடைவோம். இங்கே பல வயல்களில் மண்ணின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். அதாவது மண் அப்படியே கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெல் கிளேடில் உள்ள புளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் 1924இல் ஒன்பது அடி கான்கிரீட் தூண் ஒன்றைப் பாறை வரை இறக்கி, அதன் தலையை மண்மட்டத்துக்குச் சமமாக விட்டார்கள். இன்று அதில் ஆறு அடி அளவுக்கு வெளியே தெரிகிறது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தோடு போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

இந்தப் பகுதியின் கரிமண்களுக்குப் பெயர் வைப்பதே பெரும்பாலும் பாறை வரை உள்ள ஆழத்தை வைத்துத்தான். 51 செ.மீ.க்குக் குறைந்தால் டேனியா, 91 செ.மீ. வரை லாடர்ஹில், 130 செ.மீ. வரை பஹோக்கி, அதற்கும் கீழே போனால் டெர்ரா சியா. உங்களுடையது டேனியா, வரிசையில் கடைசி. அமெரிக்க வேளாண் துறையின் மண் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் அதில் லாடர்ஹில் என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். இந்தக் கவுண்டியில் மண் அளவெடுத்தது 1970களில். அதற்குப் பிறகு பல வயல்கள் ஒரு படி இறங்கிவிட்டன. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பதினைந்து மீட்டருக்கு ஒரு இடம் என்று குத்திப் பாருங்கள். பஞ்சு மண், கையால் அழுத்தினாலே இறங்கும், 'டக்' என்று பாறை தட்டும். சுண்ணாம்புப் பாறை தண்ணீரில் கரைந்து கரைந்து மேடுபள்ளமாக இருக்கும். ஒன்றரை அடி என்று நீங்கள் சொல்வது சராசரியா, நல்ல இடத்தில் மட்டும் தோண்டியதா என்பது அப்போது தெரியும். ஓரடிக்குக் குறைந்த இடங்கள் அதிகமாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இலை மஞ்சளுக்கு வருவோம். சதுப்பாக இருந்தபோது இந்த மண் லேசான அமிலத்தன்மையோடுதான் இருந்தது. பாறை மேலே வர வர, ஒவ்வொரு உழவும் கொஞ்சம் சுண்ணாம்பைச் சுரண்டி மேலே கொண்டுவருகிறது. அமில-கார அளவான பி.எச். ஏழைத் தாண்டிப் போகிறது, மண் காரமாகிறது. மாங்கனீசு, இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) எல்லாம் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. இளம் இலையில் நரம்பிடை மஞ்சள் என்றால் எனக்கு முதல் சந்தேகம் மாங்கனீசு மேல்.

கந்தகம் பி.எச்.சைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் 20 செ.மீ. மண்ணில் ஒரே ஒரு சதவீதம் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று வைப்போம். கரிமண் இலேசானது, கன மீட்டருக்கு 400 கிலோ என்றால் ஏக்கருக்குச் சுமார் 320 டன் மண், அதில் 3.2 டன் சுண்ணாம்பு. ஒரு கிலோ கந்தகம் தீர்ப்பது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்கு ஒரு டன் கந்தகம், அதுவும் ஒரு சதவீதத்துக்கு மட்டும். அடுத்த உழவில் பாறை இன்னும் கொஞ்சம் கொடுக்கும். சுண்ணாம்புப் பாறையோடு மல்லுக்கட்டி மூட்டை மூட்டையாகக் கந்தகம் வாங்குவது வீண். இன்னொரு தொல்லையும் உண்டு. கந்தகம் சல்பேட்டாகி வடிகால் வழியே எவர்கிளேட்ஸ் சதுப்புக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீனில் சேரும் வடிவத்துக்கு மாற்ற அது துணைபோகிறது. இந்தப் பகுதியில் அது பெரிய கவலை.

மாமா சொல்லும் ஜிப்சம் ஊரில் களர் நிலத்துக்குச் சரியான மருந்து, அங்கே நோய் சோடியம். இங்கே சோடியம் இல்லை, சுண்ணாம்பு. ஜிப்சமே கால்சியம் சல்பேட்தான், பி.எச். இறங்காது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகம் மூலம் இலைப் பரிசோதனை செய்யுங்கள். மாங்கனீசுக் குறை உறுதியானால் அரை சதவீத மாங்கனீசு சல்பேட் கரைசலை, அதாவது 100 லிட்டருக்கு 500 கிராம், முதலில் இரண்டு வரிசையில் மட்டும் மாலையில் தெளித்துப் பாருங்கள். இலை கருகவில்லை, பச்சை திரும்புகிறது என்றால் மற்ற வரிசைகளுக்கும் போகலாம். மணிச்சத்தை வயல் முழுக்க வீசாமல் விதை வரிசைக்குப் பக்கத்தில் பட்டையாக வையுங்கள். இந்த மண்ணில் லெட்டூஸ் கீரைக்கு இப்படி வைத்தபோது மூன்றில் ஒரு பங்கு உரமே போதுமானதாக இருந்திருக்கிறது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) இயல்பிலேயே குறைவு, மண் பரிசோதனைப்படி போட வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணே மக்கி மக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தொழுவுரம், கம்போஸ்ட் எதுவும் வேண்டாம், அதைத்தான் நீங்கள் மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தாமிரம் பற்றி யாராவது சொல்வார்கள். 1920களில் புதிதாகத் திருத்திய கரிமண்ணில் தாமிர சல்பேட் போட்ட பிறகே பயிர் வந்தது என்பது சரிதான், ஆனால் பல ஆண்டு சாகுபடி கண்ட நிலத்தில் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள்.

பாறை உடைப்பது தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கத்தில் பழக்கம். அங்கே பாறையை நொறுக்கிய சரளைதான் மண்ணே, மேலே இழக்கக் கரிமண் கிடையாது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அப்படி உழுது கைவிட்ட நிலங்களைப் பிரேசில் மிளகுப் புதர் பிடித்துக்கொண்டது. கடைசியில் கலைந்த மண்ணை முழுக்க வழித்தெடுத்து வெறும் பாறை தெரிய விட்டுத்தான் சதுப்பை மீட்க முடிந்தது. உங்கள் வயலில் கலப்பை பாறையைத் தொடவே கூடாது. 15 செ.மீ. போதும். பாறை அருகில் உள்ள இடங்களில் உழாமலே நடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் தண்ணீர். காய்கறிக்கு நீர்மட்டம் இரண்டடி கீழே இருக்கட்டும் என்பார்கள். ஆழமான மண்ணில் அது சரி, கீழ்ப்பாதி நனைந்தே இருக்கும். ஒன்றரை அடி மண்ணில் நீர்மட்டம் இரண்டடியில் நின்றால் அது பாறைக்குள் நிற்கிறது, மண் மொத்தமும் காற்றில் கரைகிறது. மேட்டுப்பாத்தி போட்டு, பயிர் தாங்கும் அளவுக்கு, ஓரடியை ஒட்டி நீர்மட்டத்தை ஏற்றி வையுங்கள். அப்புறம் மே முதல் செப்டம்பர் வரை வயலைச் சும்மா காய விடாதீர்கள். பத்து டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் மண் மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கோடையில்தான் நஷ்டம் அதிகம். நல்லவேளை, இங்கே காய்கறிப் பருவம் குளிர்காலம், மழைக்காலம் கோடை. கோடையில் தண்ணீர் கட்டி நெல் போடும் பழக்கம் இந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. கம்பிப்புழு போன்ற மண்பூச்சிகளும் அதில் குறையும். நெல் வேண்டாம் என்றால் வெறும் தண்ணீராவது நிற்கட்டும்.

ஆகவே குத்தகைப் பேச்சில் வாடகையைவிட முதலில் கேட்க வேண்டியது, பம்பும் மதகும் யார் கையில் என்பது. ஐந்து ஏக்கருக்கென்று தனி வாய்க்கால் இருக்க வாய்ப்புக் குறைவு. உரிமையாளர் தன் கரும்புக்காக நீரை இறக்கினால் உங்கள் வயலும் காயும். நீர்மட்டம், கோடையில் தண்ணீர் கட்டும் உரிமை, வரப்புச் செலவு எல்லாம் எழுத்தில் வரட்டும். வடிகால் நீரில் பாஸ்பரஸ் அளவுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, தெற்கு புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம் என்ற அரசு அமைப்பின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

என் கருத்து: பத்து வருடம் வேண்டாம். ஆண்டுக்கு 1.4 செ.மீ. தேய்வு என்பது இந்தப் பகுதியில் அளந்து கண்ட ஒரு சராசரி. அப்படியே போனால் உங்கள் 45 செ.மீ. பத்து ஆண்டில் 31 ஆகும், மேடான இடங்களில் பாறையே எட்டிப் பார்க்கும். தண்ணீரை நன்றாக வைத்தால் வேகம் குறையும். மூன்று வருடம், புதுப்பிக்கும் உரிமையோடு எடுங்கள். முதல் நாளே ஒரு இரும்புக் குழாயைப் பாறை வரை இறக்கி மண்மட்டத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள், புதுப்பிக்கும்போது அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

பயிரில் வெண்டை, முளைக்கீரை, கத்தரி வரும். முருங்கை வேண்டாம், ஈரமும் பாறையும் அதற்கு ஆகாது. கங்குன் இந்த நிலத்தில் கேட்காமலே வளரும், ஆனால் அமெரிக்காவில் அது தடைப்பட்ட களைப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு தண்டுகூட நடாதீர்கள். கறிவேப்பிலையும் சேர்க்கலாம் என்று தோன்றினால் மாநில வேளாண் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எலுமிச்சைக் குடும்ப மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் குடியிருக்கும்.

காய்ந்த கரிமண் தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும். வயலில் குப்பை கொளுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.