பழைய பூஸ்டருக்குப் பயந்து 35,000 ரிங்கிட் கட்டலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சின்ன நிறுவனம் நடத்துகிறோம். ஐந்து கிலோவுக்கும் குறைவான கியூப்சாட் (குட்டிச் செயற்கைக்கோள்) ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். ஃபால்கன் 9 ராக்கெட்டில் பலரோடு சேர்ந்து போகும் பயணத்தில், கோலாலம்பூர் ஏஜெண்ட் ஒருவர் மூலம் இடம் பேசியாகிவிட்டது. எங்களுக்கு ஒதுக்கிய பூஸ்டர், அதாவது ராக்கெட்டின் கீழ் அடுக்கு, ஏற்கெனவே 20 தடவைக்கு மேல் பறந்ததாம். 35,000 ரிங்கிட் கூடுதலாகக் கட்டினால் புதுசுக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். கட்டலாமா ஐயா? (வாசகி, பினாங்கு)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவரிடம் விற்பதற்குப் புது பூஸ்டர் எதுவும் இல்லை.

எந்த பூஸ்டர் எந்தப் பயணத்துக்கு என்பதை முடிவு செய்வது ஃபால்கன் 9ஐச் செய்து ஏவும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம். கடலில் மிதக்கும் மேடையிலோ கரையிலோ இறங்கிய பூஸ்டரைக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள், 9 எஞ்சின்களையும் பார்ப்பார்கள், எது தயாரோ அதை நிறுத்துவார்கள். ஒன்று பிந்தினால் இன்னொன்று வரும். 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் 9 நாளில் மறுபடி பறந்தது. இந்த வேகத்தில் ஓடும் வேலையில், பல மாதம் முன்பே “உங்களுக்கு இந்த நம்பர்” என்று சொல்கிறவர் ஜோசியராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2021 ஜனவரியில் இப்படிச் சேர்ந்து போன பயணத்தில் 143 செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒருவர் காசு கட்டி பூஸ்டரை மாற்றினால், மற்றவர்கள் எல்லாரும் ஓசியில் புதுசில் போவார்களா? ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள். அந்த 143ஐயும் தூக்கிப் போனதே அதற்கு முன் 4 முறை பறந்த பூஸ்டர்தான். அதன் முதல் பயணம் 2020 மே மாதம், விண்வெளி வீரர்கள் இருவரோடு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் அன்னதானப் பந்தலில் உட்கார்ந்திருப்பீர்கள். சாம்பார் அண்டா எத்தனை வருஷம் பழசு என்று யாராவது கேட்கிறோமா? இலை மட்டும் ஆளுக்கு ஒன்று, புதுசு. ஆனால் இலை கிழிந்திருந்தால் சாம்பார் மடியில்தான்.

ஃபால்கன் 9இல் பூஸ்டர்தான் அண்டா. முதல் இரண்டரை நிமிடம் போல மேலே தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் கியூப்சாட்டைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விடுவது அதற்கு மேலே இருக்கும் இரண்டாம் அடுக்கு. அதுதான் இலை. ஒவ்வொரு முறையும் புத்தம் புதுசு, ஒரே தடவைதான். 2015 ஜூனில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கோடு போன ராக்கெட் நடுவானில் சிதறியது. 2016 செப்டம்பரில் ஆமோஸ் 6 செயற்கைக்கோள் ஏவுதளத்திலேயே எரிந்து போனது. 2024 ஜூலையில் ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் கூட்டம் ஒன்று மிகத் தாழ்வான பாதையில் விடப்பட்டு வீணானது. மூன்றிலும் பழுது இரண்டாம் அடுக்கில். 2024இல் கீழே இருந்த பூஸ்டருக்கு அது 19ஆவது பயணம். அது தன் வேலையை முடித்துவிட்டு ஒழுங்காக இறங்கியும் விட்டது.

நம் ஊர்க் கதையும் உண்டு. யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட்-1 உங்களுடையதைப் போன்ற ஒரு குட்டி. 2018 ஜூனில் அதை ஏற்றிப் போன பூஸ்டர், அதே வருஷம் ஏப்ரலில் நாசாவின் டெஸ் தொலைநோக்கியைத் தூக்கிவிட்டு வந்தது. அப்போது இங்கே யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏஜெண்டுகள் குழப்புவது இங்கேதான். பூஸ்டர் திரும்பி இறங்க எரிபொருள் மிச்சம் வேண்டும். பல டன் செயற்கைக்கோளை மிக உயரத்துக்கு அனுப்பும்போது சில சமயம் மிச்சம் இருக்காது. அப்போது பூஸ்டரைக் கடலில் விட்டுவிடுவார்கள். அதற்கு வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ஆனால் கவனியுங்கள்: அவர் காசு கொடுப்பது பூஸ்டர் திரும்பாததற்கு, அது புதுசாக இருப்பதற்கு அல்ல. 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களைத் தூக்கிவிட்டுத் திரும்பாமல் போனது, தன் 20ஆவது பயணத்தில் இருந்த பூஸ்டர். நன்றாக உழைத்த கிழட்டு மாட்டைத்தான் கடைசி உழவுக்குக் கட்டினார்கள். “திரும்பாத பூஸ்டர்” என்று எங்கோ படித்ததை “புது பூஸ்டர்” என்று மாற்றி, ரொட்டிப் பொட்டலம் அளவு கியூப்சாட் வைத்திருப்பவரிடம் பில் போடுகிறார்கள். போன வருடம் இப்படி ஒரு பில்லைப் பார்த்தேன். “பூஸ்டர் முன்பதிவு” என்று தனி வரி, அதற்குக் கீழே சேவை வரி வேறு.

சரி, கவலைப்பட வேண்டியது எது? சேர்ந்து போகும் பயணத்தில் நீங்கள் கடைசி வரிசைப் பயணி. 2012 அக்டோபரில் ஒரு ஃபால்கன் 9இன் பூஸ்டர் எஞ்சின் ஒன்று நடுவழியில் நின்றது. பூஸ்டர் புத்தம் புதுசு! நாசாவின் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கூடப் போன ஆர்ப்காம் செயற்கைக்கோளைத் தாழ்வான பாதையிலேயே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதற்காக இரண்டாம் அடுக்கின் எஞ்சினை மறுபடி எரிப்பது நாசா வைத்த பாதுகாப்பு விதிக்கு ஒத்துவரவில்லை. அது சில நாளில் விழுந்து எரிந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் பூஸ்டரைத் தேடாதீர்கள். பயணம் தள்ளிப்போனால், அல்லது நீங்கள் தாமதமானால், அடுத்த பயணத்தில் இடம் உண்டா, முன்பணம் யார் கையில் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

அப்புறம், உங்கள் கியூப்சாட் தரையோடு பேச வேண்டிய ரேடியோ அலைவரிசைக்கு அனுமதி. நம் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி வழியாக ஜெனிவாவில் உள்ள ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வரை போக வேண்டிய காகிதம் அது, ராக்கெட்டை விட மெதுவாகப் போகும். விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பழைய குழு ஒன்றின் கோப்பை ஓர் அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது, மூன்றாவது முறை முகப்புக் கடிதத்தில் முத்திரை கோணலாக இருந்ததாம். பூஸ்டர் 9 நாளில் திரும்புகிறது, நம் கோப்பு திரும்ப 9 வாரம்.

ஏஜெண்டுக்கு இன்றே ஓர் மின்னஞ்சல் போடுங்கள்: புது பூஸ்டரின் எண் என்ன, ஸ்பேஸ்எக்ஸ் அதை உறுதி செய்த கடிதம் எங்கே என்று. வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், அங்கே குரல் பதிவில் நழுவிவிடுவார். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்த வேலையில் இத்தனை வருஷமாக அப்படி ஒரு கடிதத்தை நான் பார்த்ததில்லை.