ஸ்டென்ட் வைத்த கொத்தனார் சித்திரை வெயிலில் வேலைக்குப் போகலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, கொத்தனார். மூன்று வருடம் முன்பு மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலை) வைத்திருக்கிறார்கள், சர்க்கரையும் உண்டு. வெயில் காலத்தில் நீர் மாத்திரை (உடம்பில் கூடுதலாக உள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) போட்டால் உடம்பு வற்றிப்போகும், அதை விட்டுவிட்டுத் தண்ணீரை நிறையக் குடி என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்ல, நான்கு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இதற்கு நடுவில் ஊரில் நடந்த இலவச இதய முகாமில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, "வெயிலுக்கு அடைப்பு திரும்ப வரும், காப்பீட்டு அட்டை இருக்கிறதல்லவா, காசில்லாமல் ஆஞ்சியோ எடுத்துவிடலாம், நாளைக்கே வண்டி அனுப்புகிறோம்" என்றார்களாம். இதய ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் அந்த ஆஞ்சியோவுக்குப் போகலாமா, வெயிலில் வேலைக்குப் போகலாமா என்பது கேள்வி.

முதலில் அந்த வண்டியை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே பேசி, நான்கு நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதற்கெல்லாம் சேர்த்து இரண்டிரண்டாகப் போட வேண்டாம். ஆஸ்பிரினும், அதோடு ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரை இப்போதும் எழுதியிருந்தால் அதுவும், டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. அதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறாரா என்று மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து நீங்களே பாருங்கள்.

வெயில் மாரடைப்பைக் கொண்டுவருமா? ஏற்கனவே இதய ரத்தக்குழாய் சுருங்கியவருக்குக் கொண்டுவரலாம். உடம்பு சூட்டை வெளியே தள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வியர்க்கும். தோலுக்குக் கூடுதல் ரத்தம் போக வேண்டுமென்றால் இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகப் போக ரத்தம் கெட்டிப்பட்டு எளிதில் உறையும். இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில் வரும் ஓய்வில்தான், துடிப்பு வேகமானால் அந்த ஓய்வுதான் சுருங்கும். வேலை கூடுகிற அதே நேரத்தில் கூலி குறைகிற மாதிரி.

நம் மாவட்டத்தில் இன்னொரு கஷ்டம், வியர்வை காய்வதில்லை. கடல் காற்றில் ஈரம் அவ்வளவு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் போனதுதான் மிச்சம். ஆனால் கடலோரத்துக்கு வெப்ப அலை என்று அறிவிக்கக் குறைந்தது 37 டிகிரியாவது ஆகி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும் என்பது விதி. குளச்சலிலும் முட்டத்திலும் 34 டிகிரி புழுக்கத்தில் ஆட்கள் சுருண்டு விழுந்தாலும் வெப்ப அலை எச்சரிக்கை வராது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் சாரத்தில் சரிந்து விழுந்து இறந்தவருடைய இறப்புச் சான்றில் மாரடைப்பு என்று மட்டும் எழுதினால், வெயில் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது யார் காதிலும் ஏறமாட்டேன் என்கிறது. அதனால் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியும் புழுங்கி, அப்பா தூங்காமல் எழுந்தால் அன்றைக்கு வெயிலில் வேலை வேண்டாம்.

குளிரும் ஆபத்துதான், ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். கொடைக்கானல் போனால் அதிகாலையில் மேடு ஏறாமல் இருக்கட்டும், நமக்கு அது போதும்.

இனி அந்த முகாம் விஷயம். ஒரு தடவை மாரடைப்பு வந்தவரின் ஈசிஜியில் அந்தத் தழும்பு பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். முகாமில் எடுத்தாலும் வீட்டில் எடுத்தாலும் மாற்றம் தெரியத்தான் செய்யும். பழைய ஈசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை "அடைப்பு" என்று சொல்வது பொய். நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, நடந்தால் முன்பு போலவே இருக்கிறது என்றால், வெயிலுக்குப் பயந்து ஆஞ்சியோ எடுக்கத் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர்களின் கண் அந்த அட்டை மேல்தான். தேவையில்லாததற்குத் தொகை போய்விட்டால், அதே வருடத்தில் உண்மையிலேயே ஆபத்து வரும்போது என்ன செய்வீர்கள்? தேவையில்லாமல் குழாய் விட்டு, மருந்து ஏற்றி, சர்க்கரைக்காரரின் சிறுநீரகம் கெட்டுப்போய் என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலில் சொல்லவில்லை, வயிறு எரிந்து சொல்கிறேன். கேட்கிற யாரிடமும் காப்பீட்டு அட்டையைக் கொடுக்காதீர்கள், நகல்கூட. பழைய ஈசிஜியை போனில் படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். நிறையக் குடி என்பது எல்லாருக்கும் பொருந்தாது. மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இதயத்தின் பம்ப் பலவீனமாகிவிடும். டிஸ்சார்ஜ் தாளில் எக்கோ (இதய ஸ்கேன்) என்ற இடத்தில் ஈஎஃப் என்று ஒரு எண் இருக்கும், ஒரு துடிப்பில் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது அது. 50-க்கு மேல் என்றால் பம்ப் பெரிதாகப் பழுதில்லை, 40-க்குக் கீழே என்றால் பலவீனம். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் திணித்து அனுப்புகிறோம், தமிழில் ஒரு வரி சொல்ல ஆளில்லை, ஓபியில் நேரமும் இல்லை. பம்ப் பலவீனமானவர் நீர் மாத்திரையையும் நிறுத்தி, குடம் குடமாகக் குடித்தால் தண்ணீர் நுரையீரலில் தேங்கும், ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார். அதே ஆள் மாத்திரையும் போட்டு, வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். அதனால் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது, இரண்டு கிலோ இறங்கி எழும்போது தலை சுற்றினால் வற்றுகிறது. இரண்டுக்கும் டாக்டரைக் கூப்பிடுங்கள், அளவை அவர் மாற்றட்டும். சிறுநீரகமும் சரியில்லை என்றால் இளநீரைக்கூடக் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். அக்கானி (பதநீர்) சர்க்கரைக்காரருக்கு வேண்டாம்.

வேலையை முழுதாக விட வேண்டியதில்லை. விடிந்ததும் தொடங்கிப் பத்தரைக்குள் முடிக்கட்டும், மீதி சாயங்காலம் நான்கு மணிக்கு மேல். கான்கிரீட் வார்ப்பு அன்று மட்டும் போக வேண்டாம், அன்றைக்கு நடுவில் இறங்கி உட்கார வழியில்லை. சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, தாடையிலோ கையிலோ ஒரு கனம் என்று வந்தால் கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்து அரைமணி நேரத்தைத் தொலைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை தனியார் ஆம்புலன்ஸ்காரர் முடிவு செய்ய விடாதீர்கள், அதிலும் கமிஷன் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் அந்த மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். உங்கள் ஊருக்கு எந்த நிலையம், அங்கே ராத்திரி ஆள் இருக்கிறார்களா என்று இந்த வாரமே போய்க் கேட்டு வையுங்கள்.