ஏ.கே.பி 48 பத்தாம் ஆண்டு சிங்கிள்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானியப் பெண்கள் பாடல் குழுவான ஏ.கே.பி 48இன் பத்தாம் ஆண்டுப் பாடல் 2015இல் வந்ததா, 2016இல் வந்ததா?

பதில்: குழு தோக்கியோவின் அகிஹபராவில் முதன்முதலாக மேடையேறிய நாள் 2005 டிசம்பர் 8. அன்று டிக்கெட் வாங்கி வந்த பொதுமக்கள் ஏழே பேர். அந்தக் கணக்கில் பத்து ஆண்டுகள் நிறைந்தது 2015 டிசம்பரில். ஆனால் ஆண்டுநிறைவுப் பாடலாக அறிவித்த 'கிமி வா மெலடி' 2016 மார்ச் 9 அன்றுதான் வெளியானது. அது குழுவின் 43ஆவது சிங்கிள், அதாவது ஒரு தலைப்புப் பாடலை முன்வைத்து வரும் குறுந்தகடு.

கேள்வி: அக்கா, மாயெதா அத்சுகோ மறுபடியும் குழுவில் சேர்ந்துவிட்டாரா? இந்தப் பாடலின் வீடியோவில் பார்த்தேன்.

பதில்: இல்லை. அவரும் ஓஷிமா யூகோ, ஷினோதா மரிகோ, இதானோ தொமொமி ஆகியோரும் 2012 முதல் 2014 வரை ஒவ்வொருவராக விடைபெற்றவர்கள். ஆண்டுநிறைவுக்காக இந்தப் பாடலில் மட்டும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரியவர்கள் வந்தும் நடுவில் நின்றது மியாவாகி சகுரா. மூத்தவர்களை ஓரங்கட்டியது போல் எனக்கு வருத்தமாக இருந்தது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த சிங்கிளில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான் என்பேன். சென்டர் என்பது அந்தப் பாடலின் முகம். மாயெதாவை அங்கே நிறுத்தியிருந்தால் எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பாட்டு பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவதாக முடிந்திருக்கும். சகுரா ககோஷிமாவில் பிறந்தவர். ஃபுகுஓகாவில் இயங்கும் துணைக்குழுவான எச்.கே.டி 48இல் வளர்ந்தவர். 2014இல் 'கிபோதெகி ரிஃப்ரைன்' பாடலில் மூத்த உறுப்பினர் வாதனபே மாயுவோடு சென்டரைப் பகிர்ந்துகொண்டார். தனியாக நின்றது இதில்தான் முதல்முறை. அப்போது அவருக்கு வயது 17. குழுவைக் கட்டியெழுப்பியவர்கள் ஒரு சிறுமிக்கு இருபுறமும் நின்று ஆடுவதில் அவர்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. அவர்களின் பெருந்தன்மையை அங்கேதான் நான் பார்த்தேன்.

கேள்வி: கொரியப் பெண்கள் பாடல் குழுவான லெ செராஃபிமில் இருக்கும் சகுராவும் இவரும் ஒருவரேவா?

பதில்: ஆம், அவரேதான்.

கேள்வி: 10 லட்சம் குறுந்தகடுகள் விற்றன என்பதை நம்பலாமா? ஒரே ஆள் பத்து வாங்குவார் என்கிறார்களே?

பதில்: விற்பனை உண்மை. முதல் வாரத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அத்தனை பேர் வாங்கினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. தலைப்புப் பாடல் ஒன்றே; கூடவரும் பாடல்களை மாற்றி மாற்றிப் பல பதிப்புகள் வெளியிடுவார்கள். அப்போது முன்பதிவில் விற்ற அரங்கப் பதிப்போடு, பிடித்த உறுப்பினரைச் சந்தித்துக் கைகுலுக்குவதற்கான சீட்டும் வந்தது. ஆகவே ரசிகர் ஒருவரே பல பிரதிகள் வாங்கினார். மாணவர்கள் சேமிப்பைக் கரைத்து இப்படி வாங்குவதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ரசிகர்கள் வாக்களித்து உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் அந்த ஆண்டின் ரசிகர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு இதில் இல்லை. அது ஜூன் 1 அன்று வந்த அடுத்த சிங்கிளான 'சுபாசா வா இரனாய்' பாடலோடுதான் வந்தது. வாக்கு என்ற தூண்டுதல் இல்லாமலே இது 10 லட்சத்தைத் தொட்டது.

கேள்வி: தகஹாஷி மினாமியை அடுத்த சிங்கிளில் காணவில்லையே, ஏன்?

பதில்: அவர் விடைபெற்றுவிட்டார். 2015 டிசம்பரில் தலைமைப் பொறுப்பை யோகொயாமா யுயியிடம் ஒப்படைத்தார். 2016 ஏப்ரல் 8, தம் 25ஆவது பிறந்தநாளில் குழுவைவிட்டுச் சென்றார். அவர் பங்கேற்ற கடைசி சிங்கிள் இது. முதல் நாள் தம்மோடு மேடையேறிய மாயெதாவும் இதானோவும் அதில் உடன் இருந்தது எனக்குப் பெரிய நிறைவு.

கேள்வி: அடுத்த ஆண்டு ஜப்பான் போகிறேன். குழு முதன்முதலாக மேடையேறிய அந்த அரங்கு இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அகிஹபராவில் டான் கிஹோதே கடை இருக்கும் கட்டடத்தின் எட்டாவது மாடி. புதுப்பிப்பதற்காக மூடியிருந்து 2024 டிசம்பர் 8 அன்று மீண்டும் திறந்தார்கள். சிறிய அரங்கு என்பதால் டிக்கெட்டுக்கு முன்பே விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். நேரில் போனால் கிடைத்துவிடும் என்று நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.