உதவியவர் பின்தங்குவது ஏன்?

கேள்வி: சக ஊழியர்கள் கேட்டபோதெல்லாம் என் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உதவியிருக்கிறேன். நான் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கே இம்முறை பதவி உயர்வு. எனக்கோ ‘அறிக்கைகளில் தாமதம்’ என்ற குறிப்பு. இனி யாருக்கும் உதவுவதில்லை என்று முடிவெடுத்தால் தவறா?
– ஒரு வாசகி

பதில்: தவறுதான். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உதவும் குணத்தின் மீது அதைக் காட்டாதீர்கள். மாலை ஆறு மணிக்குக் கணக்குத்தாளோடு ஒருவர் வந்து நிற்கும்போது, பிழை இருக்கும் வரியை மட்டும் சுட்டிக்காட்டாமல், நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு முழுத்தாளையும் நீங்களே திருத்திக் கொடுத்திருப்பீர்கள். மறுநாள் அது அவர் பெயரில் மேலாளரிடம் போகிறது, உங்கள் அறிக்கை இரண்டு நாள் பிந்துகிறது. மேலாளர் கண்ணில் படுவது இவ்வளவுதான்.

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களிடையே பிரான்சிஸ் ஃப்ளின் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலையை அப்படியே சொல்கிறது: பெறுவதைவிட அதிகமாகக் கொடுத்தவர்களுக்குச் சகாக்களிடையே மதிப்பு கூடியது, அவர்கள் முடித்துக்கொடுத்த சொந்த வேலையின் அளவோ குறைந்தது, அடிக்கடி கொடுத்தும் கேட்டு வாங்கியும் பழகியவர்களுக்கு இரண்டுமே உயர்ந்தன. நீங்கள் கடைசியாக எப்போது ஒருவரிடம் உதவி கேட்டீர்கள்?

நீங்கள் பெண் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடலின் ஹைல்மன், ஜூலி சென் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உதவிய ஆணுக்கு மதிப்பீடு உயர்ந்தது, உதவிய பெண்ணுக்கு உயரவில்லை. உதவாத பெண்ணுக்குக் குறைந்தது, உதவாத ஆணுக்குக் குறையவில்லை. பெண்ணின் உதவியைக் கடமையாகவும் ஆணின் உதவியைப் பெருந்தன்மையாகவும் கணக்கு வைக்கும் இந்த அநீதி மேலதிகாரிகள் திருத்திக்கொள்ள வேண்டியது. அதற்கான பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் அது இருக்கும்வரை, கையை விரித்துவிடுவதால் நட்டப்படப்போவதும் நீங்கள்தான்.

ஆகவே, யாருக்காவது உதவ ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவாகும் என்றால், தொடங்கும் முன்பே அதை மேலாளரிடம் சொல்லி, உங்கள் அறிக்கைக்கு வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறர் தாளைத் திருத்தித் தராதீர்கள். பக்கத்தில் அமர்ந்து அவரையே திருத்தச் செய்யுங்கள். பதவி உயர்வு பெற்றாரே, அவரிடமே போய், உங்களுக்கு ஆக வேண்டிய ஒரு வேலையைத் தயங்காமல் கேளுங்கள்.